பிள்ளைக்காகப் போடும் புகை: செட்டிநாட்டு வீடுகளும் குழந்தைகளின் நெஞ்சுச் சளியும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடியைச் சுற்றியுள்ள ஊர்களில் பல வருடம் கிராம சுகாதார செவிலியராக வேலை பார்த்தவள் நான். புதன்கிழமை தடுப்பூசிக்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருகிற தாய்மாரும், கூடவே வருகிற அப்பத்தாக்களும் (அப்பாவின் அம்மா) ஆயாக்களும் (அம்மாவின் அம்மா), ஊசியைப் பற்றிக் கேட்டதைவிடச் சளியைப் பற்றிக் கேட்டதுதான் அதிகம். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை இங்கே எழுதியிருக்கிறேன்.

ஆரம்பத்தில் நான் ஒரு தப்புச் செய்தேன். "வீட்டில் புகை உண்டா?" என்று கேட்பேன். "இல்லம்மா, கேஸ் அடுப்புதான்" என்பார்கள். அப்படியே எழுதிக்கொண்டு வந்துவிடுவேன். பிறகு ஒரு நாள் அதே வீட்டுக்குள் போனால், பின்கட்டில் வெந்நீர் அடுப்பு புகைந்துகொண்டிருக்கும். குளிப்பாட்டிய குழந்தைக்குச் சாம்பிராணி போட்டுக்கொண்டிருப்பார்கள். தொட்டிலுக்குக் கீழே நேற்று ராத்திரி எரிந்த கொசுவத்தியின் சாம்பல் வட்டமாகக் கிடக்கும். மூன்றுமே குழந்தைக்காகப் போட்ட புகை. அதற்கப்புறம் கேள்வியை மாற்றிக்கொண்டேன்: "இன்றைக்கு வீட்டில் என்னென்ன கொளுத்தினீர்கள்?"

எங்கள் வீட்டில் கேஸ் அடுப்புதான். புகை எங்கிருந்து வரும்?

தமிழ்நாட்டில் கேஸ் அடுப்பு சீக்கிரமே பரவிவிட்டது. 2006 தேர்தலுக்குப் பிறகு இலவச எரிவாயு அடுப்புத் திட்டம் வந்தது. 2016 மே மாதம் மத்திய அரசின் உஜ்வலா என்ற இலவச கேஸ் இணைப்புத் திட்டம் வந்தது. ஆனால் கேஸ் வந்ததால் விறகடுப்பு வீட்டை விட்டுப் போய்விடவில்லை. இரண்டும் சேர்ந்தே இருக்கின்றன. காப்பி, தோசை, குழம்பு கேஸில். வெந்நீர், நெல் அவிப்பது, மாட்டுக்குத் தவிடு காய்ச்சுவது, விசேஷத்துக்குப் பலகாரம் சுடுவது எல்லாம் விறகில். சிவகங்கைப் பக்கம் சீமைக்கருவேலம் வேலியெங்கும் கிடக்கிறது, காசு கொடுக்க வேண்டியதில்லை. சிலிண்டர் தீர்ந்து மறு சிலிண்டருக்குப் பணம் புரளாத வாரங்களில் மூன்று வேளையும் விறகுதான்.

முறுக்கு, அதிரசம், சீப்புச் சீடை என்று பலகாரம் சுட்டு விற்கிற வீடுகளை இதில் தனியாகச் சொல்ல வேண்டும். காலை நாலு மணிக்குப் பற்றவைத்த அடுப்பு மத்தியானம் வரை அணையாது. கைக்குழந்தைக்காரியும் அங்கேதான் உட்கார்ந்து முறுக்குச் சுற்றுவாள். குழந்தை பக்கத்தில் பாயில் கிடக்கும். விறகுப் புகையோடு காய்ந்த எண்ணெயின் ஆவியும் சேர்ந்துகொள்கிறது. அந்த வீட்டில் அடுப்பை நிறுத்தச் சொல்வது பிழைப்பை நிறுத்தச் சொல்வது போல. பாயை மட்டும் முகப்புக்கு மாற்றச் சொல்வேன். அதைப் பலர் கேட்டார்கள்.

நாங்கள் எல்லாம் விறகுப் புகையிலேயே வளர்ந்தவர்கள். எங்களுக்கு என்ன ஆயிற்று?

நன்றாக வளர்ந்தவர்கள் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறோம், வளராமல் போனவர்கள் பேச வரமாட்டார்கள். உங்கள் அப்பத்தாவுக்கு எத்தனை பிள்ளை பிறந்து எத்தனை தங்கியது என்று கேட்டுப் பாருங்கள். எல்லாவற்றுக்கும் புகைதான் காரணம் என்று சொல்ல வரவில்லை. ஆனால் அந்தக் காலத்தில் "கணை", "மாந்தம்" என்று சொல்லி இழந்த குழந்தைகளில் நிமோனியாவும் கட்டாயம் இருந்திருக்கும்.

இன்றைக்குக் கணக்கு இருக்கிறது. வீட்டுக்குள் எழும் புகையால் 2020-ல் உலகம் முழுக்க ஏறத்தாழ 32 லட்சம் பேர் இறந்தார்கள் என்றும், அதில் 2.37 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் 5 வயதுக்குட்பட்ட குழந்தைகள் என்றும் உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது.

சின்னக் குழந்தைக்கு மட்டும் ஏன் இவ்வளவு பாதிப்பு? பெரியவர் நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுகிறார். பச்சைக் குழந்தை 30 முதல் 60 முறை. உடம்பு எடைக்குக் கணக்குப் பார்த்தால் நம்மைவிட அதிகக் காற்றை, அதாவது அதிகப் புகையை, அது இழுக்கிறது. நுரையீரலின் காற்று நுண்ணறைகளில் பெரும்பகுதி பிறந்த பிறகு, முதல் இரண்டு மூன்று வருடங்களில்தான் உருவாகின்றன. வீடு கட்டிக்கொண்டிருக்கும்போதே புகை போடுவது மாதிரி இது. மூச்சுக்குழாயும் மெலிசு. குழாயின் குறுக்களவு வீக்கத்தால் பாதியாகிவிட்டால், காற்று போவதற்கான தடை இரண்டு மடங்கல்ல, 16 மடங்கு கூடும். நமக்குத் தொண்டைக் கமறலோடு போவது அதற்கு இரைப்பாக மாறுவது இதனால்தான்.

புகையில் கண்ணுக்குத் தெரிகிற கரி பெரிய பிரச்சினை இல்லை. மூக்கிலும் தொண்டையிலும் மாட்டிக்கொள்ளும். 2.5 மைக்ரானுக்கும் சிறிய துகள், அதாவது தலைமுடியின் தடிமனில் முப்பதில் ஒரு பங்குகூட இல்லாதது, நேராக அடிநுரையீரலுக்குப் போகிறது. அங்கே சளியை மேலே தள்ளுகிற மெல்லிய மயிரிழைகளின் வேலையைக் கெடுக்கிறது, கிருமியைத் தின்று அழிக்கிற செல்களையும் சோர்வாக்குகிறது. அப்புறம் சாதாரணச் சளிக் கிருமிகூட உள்ளே இறங்கி உட்கார்ந்துகொள்ளும். இந்தத் துகள் ஒரு கனமீட்டர் காற்றில் ஆண்டுச் சராசரியாக 5 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது 2021-ல் உலக சுகாதார நிறுவனம் வைத்த அளவு. இந்தியத் தரம் 40. விறகு எரிகிற, ஜன்னல் இல்லாத அடுப்படியில் சமைக்கும் நேரத்தில் பல நூறைத் தாண்டும்.

எங்களுடையது பழைய செட்டிநாட்டு வீடு. வளவு (நடு முற்றம்) திறந்தவெளி, கூரை உயரம். புகை தங்குமா?

அந்த வீடுகளைக் கட்டியவர்கள் விவரமானவர்கள். முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு என்று தாண்டிப் போனால் கடைசியில்தான் அடுப்படி. புகையும் சூடும் பின்பக்கமே போய்விடும். வளவின் திறந்த வானம் காற்றை மேலே இழுக்கும். வீடு முழுசாக, கதவெல்லாம் திறந்து, ஒரே குடும்பம் புழங்கினால் இன்றைக்கும் அது நல்ல ஏற்பாடுதான்.

இப்போது அப்படி யார் புழங்குகிறார்கள்? பங்கு பிரிந்த வீட்டில் ஆளுக்கு ஒரு மூலை. பாதி அறைகள் பூட்டு. வளவுக்குக் குரங்கும் மழையும் வராமல் மேலே தகடு போட்டு அடைத்தாயிற்று. வீட்டைப் பார்த்துக்கொள்ளும் குடும்பம் ஒன்று பின்கட்டிலோ பக்கத்துத் தாழ்வாரத்திலோ ஒண்டிக்கொண்டு, சமையல், படுக்கை, குழந்தை எல்லாம் அதே இடத்தில். ஆயிரம் ஜன்னல் உள்ள வீடு என்று வெளியூர்க்காரர்கள் படம் எடுத்துக்கொண்டு போவார்கள். அந்தக் குழந்தை தூங்குகிற இடத்தில் ஒரு ஜன்னல் இருக்காது.

இன்னொன்று, வளவைச் சுற்றியுள்ள உள்ளறைகள். ஒவ்வொரு புள்ளிக்கும் (கல்யாணமான ஒவ்வொரு குடும்பத்துக்கும்) பெட்டகமும் பாத்திரமும் சீரும் வைக்க ஏற்பட்டவை அவை. கனத்த கதவு, வெளிச்சம் குறைவு. பிள்ளை பெற்றவளையும் குழந்தையையும் "காற்றுப் பட்டுவிடும்" என்று அந்த அறையில் வைத்துக் கதவைச் சாத்தி, உள்ளே கொசுவத்தியும் கொளுத்தினால், வீடு எவ்வளவு பெரிதாக இருந்தும் பயனில்லை. குழந்தை சுவாசிப்பது அந்தப் பத்தடி அறையின் காற்றை மட்டும்தான்.

ஆஸ்பத்திரியிலேயே மூக்கில் மாஸ்க் வைத்துப் புகை பிடிக்கிறார்கள். சாம்பிராணிப் புகை மட்டும் எப்படிக் கெடுதல்?

எனக்குப் பிடித்த கேள்வி இது. கேட்ட அப்பத்தா என்னை மடக்கிவிட்ட சந்தோஷத்தில் சிரித்தார். நெபுலைசரில் வருவது புகை அல்ல. மருந்து கலந்த உப்புநீரை நுண்ணிய திவலைகளாக உடைத்து அனுப்புகிறார்கள், மழைச்சாரல் மாதிரி. அதில் எதுவும் எரிவதில்லை. சாம்பிராணி என்பது தணலில் மரப்பிசின் எரிவது. மணமாக இருந்தாலும் புகை புகைதான். விறகுப் புகையில் இருக்கிற நுண்துகளும் கார்பன் மோனாக்சைடும் இதிலும் உண்டு.

குளிப்பாட்டி, தலைமுடிக்கு ஈரம் காயவேண்டும் என்று சாம்பிராணிச் சட்டிக்கு மேலே குழந்தையைக் காட்டுவார்கள். தலையைக் காட்டும்போது மூக்கும் சேர்ந்துதானே காட்டப்படுகிறது? தினமும், ஒரு அடி தூரத்தில். சளி பிடித்திருந்தால் "சளி இளகட்டும்" என்று இன்னும் ஒரு பிடி தூக்கிப் போடுவார்கள். அப்படிப் போட்ட அன்றே இரைப்புக் கூடி ஓடிவந்த குழந்தைகளைப் பார்த்திருக்கிறேன். ஈரம் காயப் பருத்தித் துண்டும் பத்து நிமிட இளவெயிலும் போதும். வெள்ளிக்கிழமை சாமி அறையில் போடுங்கள், குழந்தையை அந்த நேரம் வேறு பக்கம் வைத்துக்கொள்ளுங்கள். வேப்பிலை மூட்டம், ஊதுவத்தி, கப் சாம்பிராணி எல்லாவற்றுக்கும் இதே பதில்.

கொசுவத்தி வேண்டாம் என்றால் டெங்கு வந்துவிடாதா?

ஒரு கொசுவத்திச் சுருள் எரிந்து முடியும்போது வெளிவிடுகிற நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுக்குச் சமம் என்று 2003-ல் வெளியான ஓர் ஆய்வு அளந்து சொன்னது. வீட்டில் யாராவது குழந்தையின் தலைமாட்டில் உட்கார்ந்து ராத்திரி முழுக்க சிகரெட் பிடித்தால் விடுவோமா?

டெங்குவைப் பரப்பும் கொசு பெரும்பாலும் பகலில் கடிப்பது. நாம் சுருள் கொளுத்துவதோ ராத்திரி. எனவே பகல் தூக்கத்துக்கும் சேர்த்துத் தொட்டிலுக்குக் கொசுவலை போடுங்கள். சேலைத் தொட்டிலுக்கும் மேலிருந்து வலை தொங்கவிடலாம். வளவில் மழைத் தண்ணீர் பிடித்து வைக்கிற அண்டா, கங்காளம், தொட்டி எல்லாவற்றையும் வாரம் ஒரு முறை கவிழ்த்துத் தேய்த்துக் காயவிடுங்கள். அழகுக்காக முகப்பில் தண்ணீர் ஊற்றிப் பூப்போட்ட உருளிகளையும் மறக்க வேண்டாம். பிளக்கில் மாட்டுகிற திரவ மருந்தில் புகை இல்லை. ஆனாலும் பூச்சிமருந்து ஆவிதான். தொட்டிலுக்குப் பக்கத்தில், அடைத்த அறையில் வேண்டாம்.

குழந்தை குளிக்க வெந்நீர் வேண்டுமே?

வேண்டும். ஆனால் கொதிக்கிற வெந்நீர் வேண்டாம், வெதுவெதுப்பு போதும். இதற்கு நம் ஊரில் பழைய வழி ஒன்று இருக்கிறது: காலை பத்து மணிக்குப் பித்தளை அண்டாவில் தண்ணீர் ஊற்றி மூடி வளவில் வெயில் விழுகிற இடத்தில் வைத்தால் மதியம் குளிப்பாட்டப் பதமாக இருக்கும். அடிக்கிற வெயிலுக்குச் செட்டிநாட்டில் பஞ்சமா?

மழை, பனி நாட்களில் கேஸிலோ கரண்டிலோ வையுங்கள். 15 லிட்டர் தண்ணீரை 28 டிகிரியிலிருந்து 40 டிகிரிக்குச் சூடாக்க கால் யூனிட்டுக்கும் குறைவான மின்சாரமே ஆகும். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். வாளிக்குள் விடுகிற ஹீட்டர் ராடு என்றால் சுவிட்சை அணைத்து பிளக்கைப் பிடுங்கிய பிறகே தண்ணீரைத் தொடவேண்டும். தவழ்கிற குழந்தை இருக்கும் வீட்டில் அது எனக்குப் பிடிப்பதே இல்லை.

விறகை விட முடியாத நிலை. என்ன செய்யலாம்?

முதலில் குழந்தையை விலக்குங்கள், அடுப்பைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். இடுப்பில் வைத்துக்கொண்டு ஊதாங்குழலால் ஊதுவது, முதுகில் ஒட்டிக்கொண்டு நிற்க விடுவது இரண்டும் கூடாது. பற்றவைக்கும்போதும் அணைக்கும்போதும்தான் புகை மிகுதி. இந்த இரண்டு நேரமாவது குழந்தை முகப்புத் திண்ணையில் யார் மடியிலாவது இருக்கட்டும்.

விறகு காய்ந்திருக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் ஈர விறகை வைத்துக்கொண்டு படும் பாடு தெரியுமே! சித்திரை வைகாசியிலேயே பிளந்து, ஓட்டுக்குக் கீழே அடுக்கி வைத்துவிடுங்கள். மெல்லிய சிராய்களாக இருந்தால் நன்றாக எரியும். பால் கவர், பிளாஸ்டிக் பை கொண்டு பற்றவைப்பதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். அந்தப் புகையில் விறகுப் புகையில் இல்லாத விஷமெல்லாம் இருக்கிறது. காய்ந்த தென்னம்பாளையோ பனை ஓலையோ போதும்.

அப்புறம், பருப்பை ஊறவைத்து, மூடி போட்டு, குக்கரில் வேகவையுங்கள். எரிகிற நேரம் பாதியானால் புகையும் பாதி. அடுப்பை வெட்டவெளிக்கோ மூன்று பக்கம் திறந்த கொட்டகைக்கோ மாற்ற முடிந்தால் அதைவிட நல்லது எதுவுமில்லை. அந்தக் கொட்டகை படுக்கிற அறையின் ஜன்னலுக்கு நேரே வேண்டாம்.

புகைபோக்கி வைத்த அடுப்பு? 1983-ல் தொடங்கி 2002 வரை மத்திய அரசு புகையில்லா அடுப்புகளை ஊர் ஊராகக் கட்டிக் கொடுத்தது. பலவற்றில் குழாய் அடைத்துக்கொண்டது, மண் விரிசல் விட்டது, சுத்தம் செய்ய ஆளில்லை. புகைபோக்கி இருந்தால் கூரைக்கு மேலே நீட்டியிருக்க வேண்டும், மாதம் ஒரு முறை கரியைத் தட்டவும் வேண்டும். இல்லாவிட்டால் அது வெறும் தூண்.

கேஸுக்கு முழுசாக மாறிவிட்டால் நிமோனியா வராது, அப்படித்தானே?

அப்படி உறுதி கொடுக்க முடியாது. எனக்குக் கொடுக்க ஆசைதான். குவாத்தமாலாவில் புகைபோக்கி அடுப்புக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2011-ல் வந்தது. மொத்த நிமோனியாவில் தெளிவான வித்தியாசம் இல்லை, ஆனால் கடுமையான நிமோனியா ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. அதைவிடப் பெரிய ஆய்வு ஒன்று இந்தியா, குவாத்தமாலா, பெரு, ருவாண்டா ஆகிய நான்கு நாடுகளில் 3,200 கர்ப்பிணிகளை வைத்து நடந்தது. இந்தியாவில் அது நடந்த இடம் நம் தமிழ்நாடுதான்: விழுப்புரம், நாகப்பட்டினம் பகுதிகள். பாதிப் பேருக்கு கேஸ் அடுப்பும் சிலிண்டரும் இலவசமாகக் கொடுத்தார்கள். அவர்கள் சுவாசித்த நுண்துகள் வெகுவாகக் குறைந்தது. ஆனால் 2022-லும் 2024-லும் வந்த முடிவுகளில் பிறப்பு எடையிலோ, ஒரு வயதுக்குள் வரும் கடுமையான நிமோனியாவிலோ சொல்லத்தக்க வித்தியாசம் தெரியவில்லை.

இதைக் கேட்டுவிட்டு "அப்ப விறகே எரிக்கலாம்" என்றார் ஒரு கணவர். அப்படியல்ல. நிமோனியாவுக்குப் பல வாசல். ஊட்டம் குறைவு, தடுப்பூசி விட்டுப்போனது, நெரிசல், தெருவில் எரிகிற குப்பை, பக்கத்து வீட்டு அடுப்பு என்று ஒன்றை அடைத்தால் இன்னொன்று திறந்திருக்கிறது. அதோடு, கேஸ் வந்த வீட்டுத் தாயின் கண்ணும் நெஞ்சும் விறகு பொறுக்கப் போகிற நேரமும் இந்தக் கணக்கில் வரவில்லை. மாற முடிந்தவர்கள் மாறுங்கள் என்றுதான் இன்றும் சொல்கிறேன், அதுவே காப்பு என்று மட்டும் சொல்ல மாட்டேன். கேஸ் எரியும்போதும் ஜன்னல் திறந்திருக்கட்டும், அதிலும் நைட்ரஜன் டைஆக்சைடு என்ற எரிச்சலூட்டும் வாயு கொஞ்சம் வரும். கசிவு வாசனை வந்தால் ரெகுலேட்டரை மூடி, கதவைத் திறந்து, எந்தச் சுவிட்சையும் தொடாமல் வெளியே வந்து 1906-ஐ அழையுங்கள்.

சாதாரணச் சளியா, நிமோனியாவா? வீட்டில் எப்படிக் கண்டுபிடிப்பது?

இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் படிப்பதாக இருந்தால் இதைப் படியுங்கள்.

சின்னக் குழந்தைக்கு வருடத்துக்கு ஆறு, எட்டு முறை சளி பிடிப்பது இயல்பு. மூக்கு ஒழுகும், இருமும், இரண்டு நாள் காய்ச்சல் அடிக்கும், பால் குடிக்கும், சிரிக்கும். பயம் வேண்டாம். நிமோனியாவை இருமலின் சத்தத்தை வைத்தோ நெஞ்சில் கை வைத்து "கரகர"வென்று இருப்பதை வைத்தோ கண்டுபிடிக்க முடியாது. மூச்சை எண்ண வேண்டும்.

குழந்தை தூங்கும்போது, அல்லது அழாமல் அமைதியாக இருக்கும்போது, சட்டையைத் தூக்கிவிட்டு வயிற்றைப் பாருங்கள். வயிறு ஒரு முறை ஏறி இறங்கினால் ஒரு மூச்சு. செல்போனில் ஒரு நிமிடம் வைத்துக்கொண்டு முழுசாக எண்ணுங்கள். அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்க வேண்டாம். சின்னக் குழந்தையின் மூச்சு சீராக இருக்காது, கணக்குத் தப்பும்.

2 மாதத்துக்குக் குறைவான குழந்தைக்கு 60 அல்லது அதற்கு மேல், 2 மாதம் முதல் ஒரு வயது முடியும் வரை 50 அல்லது அதற்கு மேல், 1 முதல் 5 வயது வரை 40 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது வேக மூச்சு. அன்றைக்கே டாக்டரிடம் காட்ட வேண்டும். 2 மாதத்துக்குக் குறைவான குழந்தைக்கு 60-ஐத் தொட்டாலோ தாண்டினாலோ இன்னொரு முறை எண்ணுங்கள். மறுபடியும் அப்படியே வந்தால் உடனே ஆஸ்பத்திரி.

எண்ணிக்கை எதுவாக இருந்தாலும் காத்திருக்கக்கூடாத அடையாளங்கள் உண்டு. மூச்சு இழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழே குழி விழுவது, மூக்கு விடைப்பது, ஒவ்வொரு மூச்சுக்கும் முனகுவது, உதடு நீலம் பாரிப்பது, பால் குடிக்க முடியாமல் விடுவது, குடித்ததெல்லாம் வாந்தி எடுப்பது, வலிப்பு, எழுப்பினாலும் சுணங்கிக் கிடப்பது. இதில் ஒன்று இருந்தாலும் 108. காரைக்குடி அரசு மருத்துவமனை, சிவகங்கை, புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள், எது கிட்டவோ அங்கே. பெரியவர்கள் விரலில் மாட்டுகிற ஆக்சிஜன் மீட்டர் கைக்குழந்தையின் விரலில் சரியாகக் காட்டாது. அதில் 98 என்று வந்தது என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள்.

இருமல் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், எடையும் ஏறவில்லை என்றால், காசநோய்ப் பரிசோதனை செய்ய வேண்டும். நம் பக்கம் "பிரைமரி காம்ப்ளெக்ஸ்" என்று சொல்வது அதைத்தான். மருந்து அரசு மருத்துவமனையில் இலவசம்.

வீசிங் என்கிறார்களே, அது ஆஸ்துமாவா?

எல்லா வீசிங்கும் ஆஸ்துமா அல்ல. ஐந்து வயதுக்குள் சளிக் கிருமியோடு வந்து, வளர வளர நின்றுவிடுவதுதான் நிறைய. புகை உள்ள வீட்டில் அடிக்கடி வரும், அவ்வளவுதான். டாக்டர் இன்ஹேலர் எழுதினால் பயப்படாமல் ஸ்பேசரோடு (இன்ஹேலரில் மாட்டுகிற குடுவை) கொடுங்கள். "பழகிவிடும்" என்பது வீண் பயம். வாயால் குடிக்கிற மருந்தைவிடக் குறைந்த அளவில் வேண்டிய இடத்துக்கே போகிறது.

கைவைத்தியம், இருமல் மருந்து எது கொடுக்கலாம்?

ஒரு வயதுக்கு மேல் என்றால் அரை ஸ்பூன் தேன், இளஞ்சூட்டில் கஞ்சி, மூக்கடைப்புக்கு உப்புநீர்ச் சொட்டு. ஒரு வயதுக்குக் கீழ் தேன் தொட்டுக்கூட வைக்கக்கூடாது. பொட்டுலிசம் என்ற விஷநோய் வரும் அபாயம்.

கடையில் கேட்டு வாங்கும் இருமல் மருந்து வேண்டாம். 2025 செப்டம்பர், அக்டோபரில் மத்தியப் பிரதேசத்தில் டைஎத்திலீன் கிளைகால் என்ற விஷ ரசாயனம் கலந்த இருமல் மருந்தால் குழந்தைகள் இறந்தது நினைவிருக்கும். அப்போது மத்திய சுகாதாரத் துறை, 2 வயதுக்குக் கீழ் இருமல், சளி மருந்துகளைத் தரக்கூடாது, 5 வயதுக்குக் கீழும் பொதுவாகப் பரிந்துரைப்பதில்லை என்று சொன்னது. கலப்படம் இல்லாத மருந்துகூட இந்த வயதில் பெரிதாக வேலை செய்வதில்லை.

குளிப்பாட்டும்போது மூக்கில் எண்ணெய் விட்டு ஊதுவது நம் ஊரில் இன்னும் இருக்கிறது. அந்த எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கி அங்கேயே தங்கினால் நிமோனியா ஆகும். சாதாரண மருந்துக்கு லேசில் கேட்காது. அழுகிற குழந்தையின் மூக்கைப் பிடித்துச் சங்கில் மருந்து புகட்டுவதும் இதே ஆபத்துதான். கற்பூரம் போட்டுக் காய்ச்சிய எண்ணெயை நெஞ்சில் தடவுவது இரண்டு வயதுக்குக் கீழ் வேண்டாம்; கற்பூரம் உள்ளே போனால் வலிப்பு வரும். கொதிக்கிற பாத்திரத்தில் ஆவி பிடிக்க வைத்துச் சுடுதண்ணீர் கொட்டி வெந்துபோன குழந்தையை ஒரு தடவை பார்த்தவர்கள் மறுபடி ஆவி பிடிக்கச் சொல்ல மாட்டார்கள்.

தடுப்பூசியால் பலன் உண்டா?

நிறைய. நிமோனியாவை உண்டாக்குகிற ஹிப் கிருமிக்கான ஊசி பென்டாவேலன்ட் என்ற பெயரில் 2011 டிசம்பரில் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும்தான் முதலில் வந்தது. 6, 10, 14 வாரங்களில் போடுகிறோம். கக்குவான் இருமலுக்கும் அதிலேயே பாதுகாப்பு இருக்கிறது. நிமோனியாவை உண்டாக்குகிற இன்னொரு கிருமிக்கான நியூமோகாக்கல் ஊசி 2021-லிருந்து இங்கே இலவசம்: 6 வாரம், 14 வாரம், 9 மாதம். அதற்கு முன் தனியாரில் ஆயிரக்கணக்கில் கொடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒன்பதாம் மாதத் தட்டம்மை ஊசியையும் விடாதீர்கள், தட்டம்மைக்குப் பின்னால் நிமோனியா வரும். முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும். பிறந்ததும் நாக்கில் தொட்டு வைக்கிற சேனைத் தண்ணீர் வேண்டாம்.

சிங்கப்பூரிலிருந்து வருஷத்துக்கு ஒரு முறை வருகிறோம். ஊர் வீட்டுக்குள் நுழைந்த இரண்டாம் நாளே குழந்தைக்கு இரைப்பு. ஏன்?

பதினோரு மாதம் பூட்டிக் கிடந்த வீட்டைப் பிள்ளையார் நோன்புக்கோ கல்யாணத்துக்கோ திறக்கிறீர்கள். தூசி, ஒட்டடை, வௌவால் எச்சம், மழை ஒழுகிய சுவரில் பூஞ்சணம். வந்த அன்றே வீடு கூட்டி ஒட்டடை அடிக்கிறார்கள், பின்னால் கல்யாணச் சமையலுக்குக் கோட்டை அடுப்பு, மிளகாய் வறுக்கிற நெடி, ஹோமம். குழந்தை எல்லாவற்றையும் ஒரே நாளில் வாங்கிக்கொள்கிறது.

நாலைந்து நாள் முன்னதாகவே வீட்டைத் திறந்து, ஈரத் துணியால் துடைத்து, காற்றாட விடச் சொல்லுங்கள். உலர்ந்த விளக்குமாற்றால் கூட்டும்போது குழந்தை தெருவில் இருக்கட்டும். பெட்டகத்திலிருந்து எடுத்த பழைய மெத்தையில் படுக்க வைக்காதீர்கள். ஏற்கெனவே இன்ஹேலர் பழக்கம் இருந்தால் கையோடு கொண்டு வாருங்கள்.

மார்கழிக் குளிருக்கு அறையில் கரிக் கங்குச் சட்டி வைக்கலாமா?

கூடாது. கங்கில் புகை தெரியாது, ஆனால் கார்பன் மோனாக்சைடு வரும். நிறமும் இல்லை, மணமும் இல்லை. அடைத்த அறையில் தூக்கத்திலேயே உயிர் போகும். காற்றுப் போக்கில்லாத குளியலறையில் கேஸ் கீசரும் அப்படித்தான்.

வீட்டுக்காரர் வெளியே போய்த்தான் பீடி குடிக்கிறார். பரவாயில்லையா?

திண்ணையில் குடித்தால் ஜன்னல் வழியாக உள்ளே வரும். சட்டையிலும் கையிலும் ஒட்டிக்கொண்டும் வரும். குழந்தையைத் தூக்குமுன் சட்டை மாற்றிக் கை கழுவச் சொல்லுங்கள். விடுவதுதான் சரி, சொல்லிப் பாருங்கள்.

ஏர் பியூரிஃபையர் வாங்கலாமா?

அடைத்த ஓர் அறைக்கு, ஹெப்பா வடிகட்டி இருந்தால், துகளைக் குறைக்கும். வாயுவை நீக்காது. கொசுவத்தியைக் கொளுத்திவிட்டு பியூரிஃபையரும் ஓட்டுகிற வீட்டைப் பார்த்திருக்கிறேன்.

எல்லாம் சரி. சாம்பிராணி வேண்டாம் என்று மாமியாரிடம் யார் சொல்வது?

மருமகள் சொன்னால் எடுபடாது, அது எனக்கும் தெரியும். "நேற்று வந்தவள் எனக்குப் பிள்ளை வளர்க்கச் சொல்லித் தருகிறாளா" என்றுதான் வரும். ஆறு பிள்ளை வளர்த்தவரிடம் புகை கெடுதல் என்று வாதாடுவதைவிட, அடுத்த புதன்கிழமை அவரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். நான் அவர் கையில் செல்போனைக் கொடுத்து, தூங்குகிற பேரனின் மூச்சை எண்ணச் சொல்வேன். பெரும்பாலும் முதல் தடவை எண்ணிக்கை தப்பும், இரண்டாம் தடவை சரியாக வரும். எண்ணக் கற்றுக்கொண்ட அப்பத்தாக்கள்தான் எனக்கு ராத்திரி பத்து மணிக்குப் போன் செய்து "அம்பத்தி நாலு இருக்கு, என்ன செய்ய?" என்று கேட்டவர்கள். சாம்பிராணிச் சட்டி அதற்கப்புறம் தானாகவே சாமி அறைக்குப் போய்விடும். போகாத வீடும் உண்டு. அங்கே குளிப்பாட்டுகிற வேலையை ஆயா வீட்டுக்கு மாற்றிக்கொண்டார்கள்.